விளங்காத ஒப்புதல் ஒப்புதலாகுமா?

கைநாட்டு வைத்த காலம் மலையேறிவிட்டது எனத் தமிழ்நாட்டார் பெருமையொடு சொல்லிக்கொள்கின்றனர். எழுத்தறியா முதியவரின் இடக்கைப் பெருவிரலைப் பற்றி, மைப்பெட்டியில் அழுத்தி, அவர் படித்தறியாத ஆவணத்தின் அடியில் பதித்துக்கொண்ட வட்டிக்காரர்கள் இன்று கதைகளில் மட்டுமே வருகின்றனர். ஆயினும் அக் கைநாட்டு ஒழிந்துவிடவில்லை. மை மட்டுமே ஒழிந்தது. பெருவிரல் இன்றும் அழுந்துகிறது. தாளின்மேல் அழுந்தியது கைப்பேசியின் கண்ணாடிமேல் அழுந்துகிறது. 'ஒப்புகிறேன்' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல் பொறித்த சிறு கட்டத்தின்மேல், படியாதவரோடு படித்தவரும் ஒருங்கே நின்று நாள்தோறும் கைநாட்டு வைக்கின்றனர்.

பொள்ளாச்சி வட்டாரம் தென்னையால் வாழும் நிலம். ஆனைமலைப் பக்கத்திலிருந்தும் நெகமம், கிணத்துக்கடவுப் பக்கங்களிலிருந்தும் தேங்காயும் இளநீரும் கொப்பரையும் பல மாநிலங்களுக்குச் செல்கின்றன. அங்குள்ள தோப்புக்காரர் ஒருவரை எண்ணிப் பார்க்க. இளநீர் விலையை அவர் கைப்பேசியில் கேட்டறிகிறார். மரமேறுவார்க்கும் வண்டிக்காரர்க்கும் கைப்பேசி வழியே கூலி அனுப்புகிறார். வேர்வாடல் நோயால் மரங்கள் பட்டுக் கைமுட்டுப்பாடு நேர்ந்தால், சிறு கடனுக்கும் அக் கைப்பேசியையே நாடுகிறார். அவர் நாடும் ஒவ்வொரு செயலியும், உள்ளே விடுமுன், 'தனியுரிமைக் கொள்கை' என்னும் நெடிய அறிக்கையொன்றை அவர்முன் நீட்டுகிறது. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எறும்பு ஊர்வது போன்ற சிறு எழுத்தில், பக்கம் பக்கமாய் நீள்கிறது. அடியில் ஒரு கட்டம். அழுத்தினால் வேலை நடக்கும். அழுத்தாவிடில் வேலை நடவாது. அவர் அழுத்துகிறார். வேறென் செய்வார்?

அவ் வறிக்கையில் இருப்பது யாது? செயலியை நடத்தும் நிறுவனம் அவரிடமிருந்து எவ்வெச் செய்திகளை எடுத்துக்கொள்ளும் என்பதும், எதற்காக எடுக்கும் என்பதும், யார் யார்க்குக் கொடுக்கும் என்பதும், எத்துணைக் காலம் வைத்திருக்கும் என்பதும் அதில் உள்ளன. அவர் பெயர், எண், இருப்பிடம் ஆகியவற்றோடு நில்லாமல், கைப்பேசியிலுள்ள உறவினர் பெயர்ப்பட்டியல், ஒளிப்படங்கள், அவர் எங்கெங்குச் சென்றார், எதெதை வாங்கினார் என்பன வரை அதில் அடங்கலாம். சுருங்கச் சொன்னால் அது வீட்டுச் சாவியைக் கைம்மாற்றும் ஆவணம். சாவியைக் கொடுப்பவர்க்கு எந்தக் கதவின் சாவியைக் கொடுக்கிறோம் என்று விளங்காதபடி எழுதப்பட்ட ஆவணம்!

படித்தவராயின் இதனைப் படித்தறிவர் என்று கருதுவார் உண்டு. அதுவும் பொய்த்துப்போன கருத்தே. அமெரிக்க நாட்டின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் 2008ஆம் ஆண்டில் ஒரு கணக்குப் போட்டனர். இணையத்தைப் பயன்படுத்தும் ஒருவர் தாம் ஓராண்டில் காணும் இணையத்தளங்களின் தனியுரிமை அறிக்கைகளை யெல்லாம் ஒருமுறை படிப்பதாயின், அதற்கு ஏறத்தாழ 244 மணி நேரம் வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. நாளைக்கு எட்டு மணி நேரம் படித்தாலும் முப்பது நாள் ஆகும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாய்க் கொண்டவர்க்கே இந்நிலை என்றால், தமிழன்றிப் பிறமொழி அறியாத உழவர்க்கும் நெசவாளர்க்கும் கூலியாட்கும் எந்நிலை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

விளங்காமல் இட்ட ஒப்பத்தால் நேர்ந்த கேடு கற்பனை அன்று. சில ஆண்டுகளுக்கு முன் கைப்பேசிக் கடன் செயலிகள் காளான் போல் முளைத்தன. சில ஆயிரம் உரூபா கடன் கொடுக்குமுன் கடன் பெறுவாரின் பெயர்ப்பட்டியலையும் ஒளிப்படங்களையும் பார்க்க அவை இசைவு கேட்டன. கேட்ட இசைவு கேட்டவாறே கிடைத்தது. தவணை தவறிய நாளில் அச் செயலிக்காரர்கள் கடன் பெற்றவரை மட்டும் அழைக்கவில்லை. அவருடைய மாமன் மைத்துனரையும், உடன் வேலை செய்வாரையும், மகள் கொடுத்த வீட்டாரையும் அழைத்து இழித்துரைத்தனர். மானத்துக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டாரும் நாட்டில் உளர். 'ரிசர்வ் வங்கி' எனப்படும் இந்திய ஏம வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்து, கடன் செயலிகள் பெயர்ப்பட்டியல், அழைப்புப் பதிவு, படக்கோப்பு ஆகியவற்றைத் தொடலாகாது எனத் தடுத்தது. நல்லதே. எனினும் தம் உறவினர் எண்களையெல்லாம் தாமே தூக்கிக் கொடுத்ததைக் கடன் பெற்றவர்கள் அழைப்பு வந்த பின்னரே அறிந்தனர் என்பதுதான் இங்கு எண்ணத்தக்கது.

தனியுரிமை என்பது செல்வர் வீட்டுத் திண்ணைப் பேச்சன்று. வெளிப்பட்ட செய்தியை மீட்டெடுக்கும் ஆற்றல் எவர்க்கும் இல்லை என்பதைப் பொள்ளாச்சி நன்கறியும். 2019ஆம் ஆண்டில் நாட்டையே உலுக்கிய பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைக் காக்கக் கடமைப்பட்ட அரசே தன் ஆணையில் அப் பெயரை வெளியிட்டது. அப் பெண்ணுக்கு 25 இலக்கம் உரூபா இழப்பீடு தருமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. பணத்தைக் கொடுக்கலாம், பெயரைத் திரும்பப் பெற முடியுமோ? ஒருவரைப் பற்றிய செய்தி யார் கைக்குப் போகலாம் என்பதை அவரே முடிவு செய்யவேண்டும் என்னும் உரிமை இத்தகைய பட்டறிவிலிருந்து எழுவது.

அவ் வுரிமையை இந்திய உச்சநீதிமன்றம் 2017 ஆகத்து 24ஆம் நாள் உறுதி செய்தது. கருநாடக உயர்நீதிமன்றத்தில் நடுவராய் இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி தொடுத்த வழக்கில், நடுவர் ஒன்பதின்மரும் ஒருமுகமாய்த் தனியுரிமை அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். அதன்பின் ஆறாண்டு கடந்து, 2023 ஆகத்தில் எண்மத் தனிச்செய்திக் காப்புச் சட்டம் பிறந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. ஒப்புதல் கேட்குமுன் ஒவ்வொரு நிறுவனமும் அறிவிப்புத் தரவேண்டும். அவ் வறிவிப்பு வேறெதனையும் துணைக்கொள்ளாமல் தானே விளங்குவதாய், தெளிவான எளிய மொழியில் இருக்கவேண்டும். எடுக்கும் செய்திகளையும் எடுக்கும் நோக்கத்தையும் வரிசைப்படுத்திச் சொல்லவேண்டும். கொடுத்த ஒப்புதலை, கொடுத்த அளவு எளிதாகவே திரும்பப் பெறவும் வழி காட்டவேண்டும் என்பன அவற்றின் சாரம். இவ் வறிவிப்பு பற்றிய விதி செயலுக்கு வருவது பதினெட்டுத் திங்கள் கழித்து, அஃதாவது 2027 மே திங்களில்.

தமிழர் கூர்ந்து நோக்கத்தக்க வரி ஒன்று அச் சட்டத்தில் உண்டு. அறிவிப்பையும் ஒப்புதல் வேண்டுகையையும் ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் பட்டியலில் உள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படித்துக்கொள்ளும் வாய்ப்பை நிறுவனம் தரவேண்டும் என்பதே அது. தமிழ் அப் பட்டியலில் உள்ளது. ஆகவே கைப்பேசியில் தமிழில் கேட்டு, தமிழில் விளங்கி, தமிழில் ஒப்பும் உரிமை சட்டத்தால் கிடைத்துவிட்டது எனலாம். இதனைக் குறைத்து மதிப்பிடல் வேண்டா. ஆயின் இரண்டு ஓட்டைகள் இங்கே உள. அவற்றை அடைக்காவிடில் கலத்தில் பாலிருந்தும் வாய்க்கு எட்டாது.

முதல் ஓட்டை, 'வாய்ப்பு' என்னும் சொல்லில் உள்ளது. தமிழில் தருக என்று சட்டம் சொல்லவில்லை. தமிழைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைத் தருக என்றே சொல்கிறது. ஆங்கிலம் முகப்பில் நிற்கும். தமிழ் எங்கோ ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கும். அம் மூலைக்குப் போகும் வழியும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டிருந்தால், ஆங்கிலம் அறியாதவர் அங்குச் செல்வது எவ்வாறு? 1908ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவை இதனோடு ஒப்பிடுக. பதிவலுவலர்க்கு விளங்காததும் அம் மாவட்டத்தில் வழங்காததுமான மொழியில் ஓர் ஆவணம் வந்தால், மாவட்டத்தில் வழங்கும் மொழியில் மெய்யான பெயர்ப்பை இணைத்தாலன்றி அதனைப் பதிவு செய்ய அவர் மறுத்தல் வேண்டும். அலுவலர்க்கு விளங்கவேண்டும் என்பதில் வெள்ளையன் காலச் சட்டமே அத்துணை அக்கறை காட்டிற்று. ஒப்பமிடும் குடிமகனுக்கு விளங்கவேண்டும் என்பதில் இக் காலச் சட்டம் அதனினும் மிகுதியாக அன்றோ அக்கறை காட்டவேண்டும்?

நெதர்லாந்து நாட்டைப் பார்க்க. அதன் மக்கள்தொகை இரண்டு கோடிக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி ஏழு கோடிக்கு மேற்பட்ட தமிழ்நாட்டின்முன் அது சிறு நாடு. ஆங்கிலம் அறிந்தார் மிகுந்த நாடுமாகும். அந் நாட்டில் 'டிக்டாக்' என்னும் காணொளிச் செயலி தன் தனியுரிமை அறிக்கையை ஆங்கிலத்தில் மட்டுமே தந்திருந்தது. அதனைப் பயன்படுத்தியோருள் பலர் இளஞ்சிறார். தாய்மொழியாகிய டச்சு மொழியில் அறிக்கை தராமையால் அச் சிறார்க்கு அது விளங்கியிராது என்று கூறி, அந் நாட்டுத் தனிச்செய்திக் காப்பு ஆணையம் 2021 சூலையில் அந் நிறுவனத்துக்கு 7,50,000 யூரோ தண்டம் விதித்தது. சுருக்கமாகவும் தெளிவாகவும் எளிய மொழியிலும் சொல்க என்று 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கட்டளையிடுவதே அதற்கு அடிப்படை. அந் நாட்டார் தம் மொழி மீது பற்று வைத்ததால் மட்டும் இது நடக்கவில்லை. விளங்காத மொழியில் கேட்ட ஒப்புதல் ஏமாற்றே என்று கருதியதால் நடந்தது. மொழியுரிமையும் மாந்தவுரிமையும் ஒன்றே என்பதற்கு இதனினும் தெளிவான காட்டு வேண்டுமோ?

இரண்டாம் ஓட்டை, எந்தத் தமிழ் என்பது. தமிழ் எழுத்தில் இருப்பதெல்லாம் தமிழருக்கு விளங்கிவிடும் என்பதில்லை. பழைய கிரைய ஆவணங்கள் தமிழ் எழுத்தில்தான் இருந்தன. 'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என்று எழுதப்பட்ட தொடரின் கீழ் நிலம் விற்றவனும் வாங்கியவனும் ஒப்பமிட்டனர். 'கொடுக்கவும் மாற்றவும் விற்கவும் உரிமையுடன்' என்பதே அதன் பொருள் என்று இருவருள் எவர்க்கும் தெரியாது. இன்று வடசொற் காட்டுக்கு மாற்றாக மொழிபெயர்ப்புக் காடு வளர்ந்திருக்கிறது. கணினிப் பொறி பெயர்த்துத் தள்ளும் தமிழில், 'தங்களது தனிப்பட்ட விவரங்கள் எமது முறையான வணிக நலன்களின் பொருட்டு மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்' என்று எழுதப்படுகிறது. மூன்றாம் தரப்பினர் யார்? பகிர்வது விலைக்கா, இலவயமாகவா? 'படலாம்' என்றால் படுமா, படாதா? தமிழாசிரியர்க்கே விளங்காத இது சந்தையில் தேங்காய் எண்ணுவார்க்கு விளங்குமோ?

கொங்கு நாட்டார் தம் மண்ணுக்குரியவர் என உரிமை பாராட்டும் பவணந்தியார், நன்னூலில் நூலுக்குரிய குற்றம் பத்தும் அழகு பத்தும் வகுத்துவைத்தார். இத் தனியுரிமை அறிக்கைகளை அவர் வகுத்த உரைகல்லில் உரைத்துப் பார்க்க. சொல்லவேண்டிய தலையாய செய்தியைக் குறைத்துச் சொல்வதால் அவற்றில் குன்றக் கூறல் உண்டு. வேண்டாதவற்றைப் பக்கம் பக்கமாய் அடுக்குவதால் மிகைபடக் கூறலும் உண்டு. 'உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம்' எனத் தொடங்கி, 'உங்கள் செய்தியைப் பிறர்க்குக் கொடுப்போம்' என முடிப்பது மாறுகொளக் கூறல். படிப்பவர் இதுவோ அதுவோ என்று தடுமாறும்படி எழுதுவது மயங்க வைத்தல். சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் ஆகிய அழகுகளோ மருந்துக்கும் இல்லை. மாணவன் கட்டுரையில் இவற்றுள் ஒன்று இருந்தாலே சிவப்பு மை பாயும். கோடிக்கணக்கான மக்களின் ஒப்பத்தைப் பெறும் ஆவணத்தில் எல்லாம் இருந்தும் கேட்பாரில்லை.

சட்ட நுணுக்கத்தை எளிய மொழியில் சொல்ல இயலாது, சொன்னால் பிழை நேரும் என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். அக் கூற்றை ஏற்பதற்கில்லை. கடன் கொடுக்கும் நிறுவனங்கள், வட்டி, கட்டணம், தவணை ஆகிய முதன்மைச் செய்திகளைத் தனித் தாளில் ஒரே படிவமாய், கடன் பெறுவார்க்கு விளங்கும் மொழியில் எழுதி, விளக்கிச் சொல்லி, விளங்கிற்று என்னும் ஒப்புகையும் பெறவேண்டும் என்று ஏம வங்கி 2024 ஏப்பிரலில் ஆணையிட்டது. வட்டிக் கணக்கை எளிதாய்ச் சொல்ல முடியுமாயின், செய்திக் கணக்கைச் சொல்ல முடியாதோ? நெடிய சட்ட ஆவணம் பின்னே இருக்கட்டும், வழக்கறிஞர் படிக்கட்டும். முன்னே பத்து வரி நிற்கட்டும். அவ் வரிகள் இவ்வாறு அமையலாம்:

'உங்கள் பெயரையும் கைப்பேசி எண்ணையும் வாங்கிக்கொள்கிறோம். பணம் அனுப்ப அவை தேவை. நீங்கள் இருக்கும் இடத்தையும் பார்ப்போம். அது விளம்பரம் காட்டுவதற்காக மட்டுமே. வேண்டாம் என்றால் இங்கே அழுத்துங்கள். அழுத்தினாலும் செயலி வேலை செய்யும். உங்கள் உறவினர் எண்களைத் தொடமாட்டோம். உங்கள் செய்தியை இன்னின்ன நிறுவனங்களுக்குக் கொடுப்போம். கணக்கை முடித்தால் இத்தனை நாளில் அழித்துவிடுவோம். குறை இருந்தால் இந்த எண்ணில் தமிழில் பேசலாம்.'

இதில் விளங்காத சொல் எது? குறைந்த பொருள் எது? இவ்வாறு எழுதத் தயங்குவோர்க்கு மொழி தடையன்று. விளங்கினால் மக்கள் மறுத்துவிடுவர் என்னும் அச்சமே தடை.

விளங்கியபின் மறுக்கவும் வழி இருத்தல் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. 'வாட்சப்பு' 2021 சனவரியில் தன் கொள்கையை மாற்றி, ஒப்புக இன்றேல் விலகுக என்னும் வகையில் மக்கள்முன் வைத்தது. தன் வணிக மேலாண்மையைத் தவறாகப் பயன்படுத்திற்று எனக் கண்ட இந்தியப் போட்டி ஆணையம், அதன் உரிமை நிறுவனமாகிய மேட்டாவுக்கு 2024 நவம்பரில் 213.14 கோடி உரூபா தண்டம் விதித்தது. மேன்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2025 நவம்பரில் அத் தண்டத்தை நிலைநிறுத்திற்று. வேண்டாம் என்று சொல்ல இயலாதவர் வாயிலிருந்து வாங்கிய 'ஆம்' ஒப்புதலாகாது, பணிதலே ஆகும்.

இனி, தனித்தமிழ் அன்பர்கள் தம் பக்கமும் திரும்பிப் பார்த்தல் வேண்டும். 'அபேட்சகர்' வேட்பாளர் ஆனதும், 'காரியதரிசி' செயலாளர் ஆனதும், 'அக்கிராசனர்' தலைவர் ஆனதும் எப்படி? அச் சொற்கள் தூயன என்பதனால் மட்டும் அவை வெல்லவில்லை. கேட்ட அளவில் பொருள் விளங்கியதால் வென்றன. வேட்பவர் வேட்பாளர், செயலைச் செய்விப்பவர் செயலாளர் என்று உழுபவனும் உணர்ந்தான். அதுவே தனித்தமிழின் உயிர். இன்றோ புதுச் சட்டம் கூறும் ஒரு பொறுப்பாளரைத் 'தரவுப் பொறுப்பாண்மையர்' என்று பெயரிட்டு மகிழ்ந்துவிட்டால், அகரமுதலி நிறையும். மக்கள் உள்ளம் நிறையாது. 'உங்கள் செய்தியை வாங்கி வைத்திருப்பவர்' என்று எழுதினால் அதுவும் தூய தமிழே; அனைவர்க்கும் விளங்கும் தமிழுமாகும். விளங்காத தூய்மை, விளங்காத கலப்பைப் போலவே ஏழையைக் கைவிடும். மக்களைக் காவாத சொல் தமிழையும் காவாது.

செய்யத்தக்கவை சில உள. தமிழ்நாட்டில் வழங்கும் செயலிகளில் தமிழ் அறிவிப்பு முதற்கண் தோன்றவேண்டும். ஆங்கிலம் வேண்டுவார் அதைத் தேடிக்கொள்ளட்டும். தமிழைத் தேர்ந்தெடுக்கும் வழி தமிழிலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும். படிக்கத் தெரியாதார்க்கு அவ் வறிவிப்பைப் படித்துக் காட்டும் குரல் வேண்டும். ஆவணம் எழுதுவோர் முன்பு வாய்விட்டுப் படித்துக் காட்டியபின் ஒப்பம் பெற்ற வழக்கம் நல்ல வழக்கமே. எந்த அறிவிப்பையும் வெளியிடுமுன் பொள்ளாச்சிச் சந்தையிலோ திருப்பூர்த் தறிக்கூடத்திலோ பத்துப் பேரிடம் படித்துக் காட்டி, 'இதில் என்ன சொல்லியிருக்கிறது?' என்று திருப்பிக் கேட்டல் வேண்டும். அவர்கள் திருப்பிச் சொன்னால் அது தேர்ந்தது. சொல்லாவிடில் எழுதியவரே தோற்றார்.

தமிழ்நாட்டரசு இதற்கு வழிகாட்டியாதல் வேண்டும். தமிழே ஆட்சிமொழி என 1956ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய அரசு, தன் செயலிகளிலும் தன் இணையத்தளங்களிலும் உள்ள தனியுரிமை அறிக்கைகளை முதலில் நல்ல தமிழில் எழுதிக் காட்டட்டும். பாவாணர் 1974இல் முதல் இயக்குநராய்ப் பொறுப்பேற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் இன்றும் இயங்குகிறது. சொல் தர அதனிடம் வளம் உண்டு. அதனோடு எளிய மக்களும் ஆசிரியரும் வழக்கறிஞரும் அமர்ந்து, எல்லா நிறுவனங்களும் பின்பற்றத்தக்க ஒரு படிவத்தை வகுத்துத் தரலாம். 2027 மே திங்கள் நெடுந்தொலைவில் இல்லை. அதற்குள் தமிழ்ப் படிவம் அமையாவிடில், பொறி பெயர்த்த குப்பையே சட்டத்தை நிறைவேற்றிவிட்டதாய்க் கணக்குக் காட்டும்.

அதுவரை ஊர்தோறும் உள்ள தமிழாசிரியரும் மாணவரும் செய்யத்தக்க தொண்டு ஒன்று உண்டு. அக்கம்பக்கத்தார் கைப்பேசியில் புதுச் செயலி ஏற்றும்போது அருகமர்ந்து, அது எதெதைக் கேட்கிறது, எதனைக் கொடுக்கவேண்டும், எதனை மறுக்கலாம் என்று வாய்மொழியாய் எடுத்துரைக்கலாம். பெற்றோர் கைப்பேசியைப் பிள்ளைகள் நன்கறிவர். வகுப்பில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் நாற்பது வீடுகளுக்குச் செய்தி போகும்.

எழுத்தறிவிக்கப் பாடுபட்ட முன்னோர் கைநாட்டை ஒழிக்கவே பாடுபட்டனர். அவர்கள் ஒழிக்க விரும்பியது விரல் பதிவை அன்று. விளங்காமல் ஒப்பும் அடிமைத்தனத்தை. அவ் வேலை இன்னும் முடியவில்லை. தமிழன் எதன்கீழ் ஒப்பமிட்டாலும் அதன் பொருள் அவன் மொழியில் அவனுக்கு விளங்கவேண்டும். விளங்காத ஒப்புதல் ஒப்புதல் ஆகாது. அதனைப் பெறுவோர்க்கு அதனால் உரிமையும் இல்லை என்பதைத் தமிழ் மக்கள் உரத்துச் சொல்வார்களாக!